பஸ் பாதி, சரக்கு வேகன் பாதி: பிரிட்டனின் பேசர் ரயில்கள்

நம் ஊரில் ரயில் பெட்டியையே ‘போகி’ என்கிறோம். எஸ்-4 போகி எங்கே நிற்கும் என்று கேட்டால் போர்ட்டருக்குப் புரிகிறது, நமக்கும் புரிகிறது. அதைத் திருத்த வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. ஆனால் ரயில்வே தொழிலாளர்கள் எதைப் போகி என்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால்தான், பிரிட்டனில் 35 வருடம் ஓடி, ஓடிய காலமெல்லாம் திட்டு வாங்கிய ‘பேசர்’ ரயில்களின் கதை பிடிபடும்.

அடுத்த முறை ரயில் நிலையத்தில் காத்திருக்கும்போது பெட்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். சக்கரங்கள் பெட்டியோடு நேரடியாகச் சேர்ந்திருக்காது. முன்பக்கம் ஒரு சின்ன வண்டி, பின்பக்கம் ஒரு சின்ன வண்டி. ஒவ்வொன்றிலும் நான்கு சக்கரங்கள். பெட்டி இந்த இரண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். வளைவு வந்தால் அந்தச் சின்ன வண்டி பெட்டிக்குக் கீழேயே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். அதுதான் போகி. பேசர் ரயிலில் அது கிடையாது. பெட்டிக்கு நான்கே சக்கரம், இரண்டே அச்சு, அவையும் அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. பழைய கூட்ஸ் வேகனில் இருப்பது போல. இதன் விளைவுகளைப் பிறகு பார்ப்போம். முதலில் இது என்ன வகை ரயில் என்று பார்த்துவிடலாம்.

தனி இன்ஜின் இல்லாத ரயில்

ரயில் என்றதும் முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் அது இழுத்துப்போகும் பெட்டிகள் என்றுதான் மனதில் வரும். நகரத்துக்கும் அதன் புறநகருக்கும் இடையே நாளெல்லாம் போய்வரும் ரயிலுக்கு அது வசதிப்படாது. கடைசி நிலையத்துக்குப் போனதும் இன்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியே மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. அதனால் இன்ஜினைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை கட்டிவிடுகிறார்கள். கடைசி நிலையத்தில் ஓட்டுநர் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறினால் போதும், ரயில் திரும்பத் தயார். மின்சாரத்தில் ஓடினால் நம் சென்னை புறநகர் ரயில். டீசலில் ஓடினால் டீசல் யூனிட்.

திருவாரூர் - காரைக்குடி பாதையில் ஓடிய ‘டெமு’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் ஒரு வித்தியாசம். நம் டெமுவில் ஒரு பெட்டியின் ஒரு பகுதி முழுக்க இன்ஜின் அறையாகவே இருக்கும். டீசல் இன்ஜின் மின்சாரம் உண்டாக்க, அந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்றும். பேசரில் ஒவ்வொரு பெட்டியின் தரைக்கு அடியிலும் பஸ், லாரி அளவுக்கு ஒரு டீசல் இன்ஜின். அதிலிருந்து கியர்பாக்ஸ், அதிலிருந்து ஒரு தண்டு வழியாகச் சக்கர அச்சு. ஏறக்குறைய பஸ்ஸில் இருக்கும் அதே ஏற்பாடு. இது தற்செயல் இல்லை.

காசில்லாத காலம்

பிரிட்டனில் 1955ஆம் ஆண்டு நவீனமாக்கல் திட்டம் ஒன்று வந்தது. நீராவி இன்ஜின்களை ஒழித்துவிடுவது என்று முடிவெடுத்து, கிளைப் பாதைகளுக்கும் புறநகர்ப் பாதைகளுக்கும் ஆயிரக்கணக்கில் டீசல் யூனிட் பெட்டிகளை வாங்கினார்கள். 1970களின் முடிவில் அவை எல்லாம் ஒரே நேரத்தில் கிழடுதட்டிவிட்டன. போதாததற்கு, வெப்பத்தடுப்புக்காகப் பலவற்றில் வைத்திருந்த ஆஸ்பெஸ்டாஸ் உடம்புக்குக் கெடுதல் என்று தெரிந்து, அதை எடுப்பதே ஒரு தனிச் செலவானது.

கையில் பணம் இல்லை. அதைவிட மோசம், கிளைப் பாதைகளை வைத்திருக்க வேண்டுமா என்பதிலேயே அரசுக்குத் தெளிவில்லை. 1963இல் அன்றைய ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் கொடுத்த அறிக்கையால் ஆயிரக்கணக்கான மைல் பாதை மூடப்பட்டது இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. 1983இல் டேவிட் செர்பெல் தலைமையிலான குழு, மிச்சமிருந்த பாதைகளில் பெரும்பகுதியை மூடிவிடுவது வரைக்கும் கணக்குப் போட்டுக் காட்டியது. அது நடக்கவில்லை. ஆனால் நாளைக்கு இருக்குமா என்று தெரியாத பாதைக்கு யார் நல்ல ரயில் வாங்கித் தருவார்கள்? மலிவாக ஏதாவது கிடைத்தால் சரி என்பதுதான் அன்றைய மனநிலை.

அந்த ‘ஏதாவது’ இரண்டு இடங்களிலிருந்து வந்தது.

ஒன்று, டெர்பி நகரில் இருந்த பிரிட்டிஷ் ரயில்வேயின் ஆராய்ச்சிப் பிரிவு. ரயில் சக்கரம் தட்டையான உருளை இல்லை, உள்பக்கம் சற்றுப் பெரிதாகவும் வெளிப்பக்கம் சற்றுச் சிறிதாகவும் சரிந்திருக்கும். வண்டி ஒரு பக்கமாக நகர்ந்தால் இந்தச் சரிவு அதை நடுவுக்குத் தள்ளிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேகம் கூடும்போது நடுவைத் தாண்டி மறுபக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம் வந்து, பாம்பு போல நெளிய ஆரம்பித்துவிடும். நாலு சக்கரக் கூட்ஸ் வேகன்கள் 1960களில் தடம்புரண்டதற்கு இந்த நெளிவு ஒரு முக்கியக் காரணம். ஆலன் விக்கென்ஸ் தலைமையில் டெர்பி ஆய்வாளர்கள் இதன் கணக்கை அலசி ஆராய்ந்து, வேகமாகப் போனாலும் நெளியாத ஒரு வேகன் அடிச்சட்டத்தை உருவாக்கினார்கள். போகி இல்லாமலேயே வேகமாக ஓட முடியும் என்பது நிரூபணமானது. நேரான பாதையில், என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, லேலண்ட். நம் சென்னை எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்டின் பெயரில் பாதி, இங்கிலாந்தின் இந்த லேலண்டிடமிருந்து வந்ததுதான். அந்த நிறுவனம் வொர்க்கிங்டன் நகரில் ‘லேலண்ட் நேஷனல்’ என்ற பஸ்ஸைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒரே அளவான துண்டுகளைக் கோத்துக் கட்டும் உடல் அது. துண்டு கூட்டினால் நீளம் கூடும், குறைத்தால் குறையும். தொழிற்சாலையோ முழுத் திறனில் ஓடுகிற அளவுக்கு ஆர்டர் இல்லாமல் இருந்தது.

இந்தப் பக்கம் வேகன் சட்டம், அந்தப் பக்கம் பஸ் உடல். 1978இல் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிவைத்து ‘எல்.இ.வி.1’ என்ற சோதனை வண்டியைச் செய்தார்கள். தண்டவாளத்தில் நிற்கிற பஸ் போலவே இருக்கும் அது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தாலும், ஓடியது.

அதன் பிறகு 140 என்ற எண்ணில் இரண்டு பெட்டி மாதிரி ரயில் ஒன்று. பிரிட்டனில் ரயில் வகைகளுக்கு மூன்று இலக்க எண் கொடுப்பார்கள், அதை ‘கிளாஸ்’ என்பார்கள். நூற்றுச் சொச்சத்தில் வருபவை டீசல் யூனிட்கள். 1983-84இல் மேற்கு யார்க்‌ஷயருக்காக கிளாஸ் 141, இருபது யூனிட்கள். பஸ்ஸின் அகலத்தையே வைத்துக் கட்டியதால் உள்ளே ரொம்ப நெருக்கம். அதைச் சற்று அகலமாக்கிச் செய்ததுதான் 1985 முதல் 1987 வரை வந்த கிளாஸ் 142. மொத்தம் 96 யூனிட்கள், யூனிட்டுக்கு இரண்டு பெட்டி. பேசர் என்றால் பெரும்பாலானவர்களுக்கு நினைவு வருவது இதுதான். வேறு நிறுவனங்கள் உடல் கட்டிக்கொடுத்த 143, 144 என்ற இரண்டு வகைகளும் அதே நேரத்தில் வந்தன. அவை ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி, ஜாடை ஒன்று, முகம் வேறு.

உள்ளே ஏறினால்

கிளாஸ் 142இன் கதவு, பஸ் கதவு போல மடங்கித் திறக்கும். ஏறுவதற்குப் படி. உள்ளே ஒரு பக்கம் இருவர் இருக்கை, மறுபக்கம் மூவர் இருக்கை, தொடக்கத்தில் முதுகு தாழ்ந்த பஸ் பெஞ்சுதான். ஜன்னல்களும் பஸ் ஜன்னல் சாயலில். பெட்டியின் நீளம் சுமார் பதினைந்தரை மீட்டர், நம் ஐ.சி.எஃப். பெட்டி ஒன்றின் நீளத்தில் முக்கால் பங்குகூட வராது. யூனிட் முழுவதும் சேர்ந்து 50 டன்னுக்குள். வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை.

கூட்டம் அதிகமான நேரத்தில் இரண்டு யூனிட்களைச் சேர்த்து நான்கு பெட்டி ரயிலாக ஓட்டலாம். ஆனால் ஒரு யூனிட்டிலிருந்து அடுத்ததற்கு உள்ளே நடந்துபோக வழி கிடையாது. டிக்கெட் கொடுக்கிற கார்டு ஏதாவது நிலையத்தில் ரயில் நிற்கும்போது இறங்கி, நடைமேடையில் நடந்து, அடுத்த யூனிட்டில் ஏற வேண்டும். அதற்குள் பின் யூனிட்டில் எத்தனை பேர் டிக்கெட் எடுக்காமல் இறங்கிப் போயிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

முதல் பதினான்கு யூனிட்கள் மான்செஸ்டர் புறநகர்ப் பாதைகளுக்காக, அந்த ஊர்ப் போக்குவரத்துக் கழகத்தின் ஆரஞ்சு, பழுப்பு நிறத்தில் வந்தன. பதினைந்து முதல் இருபத்தேழு வரையுள்ள பதின்மூன்று யூனிட்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான டெவன், கார்ன்வால் பகுதிக்குப் போயின. அங்கே பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நினைவாகச் சாக்லேட்டும் பாலேடும் கலந்த நிறம் பூசி, ‘ஸ்கிப்பர்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

வளைவில் என்ன ஆனது

போகியைப் பற்றி முதலில் சொன்னது இங்கேதான் உதவும்.

ஒரு போகியின் இரண்டு அச்சுகளுக்கு இடையே சுமார் இரண்டரை மீட்டர்தான் இருக்கும். வளைவில் அந்தக் குட்டி வண்டி திரும்பிக்கொள்வதால், சக்கரம் ஏறக்குறைய தண்டவாளம் போகும் திசையிலேயே உருளும். பேசரில் இரண்டு அச்சுகளுக்கு இடையே ஒன்பது மீட்டர், திரும்பவும் வழியில்லை. நீளமான மேஜை ஒன்றை வளைந்த நடைபாதை வழியாகத் தூக்கிப்போன அனுபவம் இருந்தால் புரியும்: முன்பக்கம் ஒரு சுவரில் இடிக்கும், பின்பக்கம் இன்னொரு சுவரை உரசும். பேசரின் சக்கரம் வளைவில் கோணலாக நின்றபடி உருளும். சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்தின் பக்கவாட்டில் தேயும். இரும்போடு இரும்பு உரசி ‘கிரீச்’ என்று ஒரு சத்தம், பல்லைக் கூச வைப்பது, வளைவு முடியும் வரை.

கார்ன்வாலின் கிளைப் பாதைகள் மலைச்சரிவுகளிலும் ஆற்றங்கரைகளிலும் நெளிந்து நெளிந்து போகிறவை. லூ, கன்னிஸ்லேக் போன்ற பாதைகளில் ஸ்கிப்பர்களின் அலறல் ஒரு பக்கம், சக்கர விளிம்புகள் மளமளவென்று தேய்ந்துபோனது ஒரு பக்கம். வந்து இரண்டு வருடத்துக்குள், 1987இல், பதின்மூன்றையும் வடக்கே அனுப்பிவிட்டார்கள். ஓய்வு கொடுக்க நினைத்த பழைய டீசல் யூனிட்கள் அந்தப் பாதைகளுக்குத் திரும்பி வந்தன. சாக்லேட் நிறத்தோடே வடக்கே போன ஸ்கிப்பர்கள் கொஞ்ச காலம் அங்கே அந்நியமாகத் திரிந்தன.

சரி, நேரான பாதையில்? அங்கே வேறு சங்கடம். பழைய தண்டவாளங்கள் துண்டு துண்டாக இணைக்கப்பட்டவை, இணைப்பில் சின்னப் பள்ளம் இருக்கும். போகி வண்டியில் ஒரு சக்கரம் ஒரு சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்கினால், போகியின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பெட்டி அரை சென்டிமீட்டர்தான் இறங்கும்; மறு சக்கரம் மேலேயே இருக்கிறதே. அதாவது போகி, குலுக்கலைப் பாதியாக்கி மேலே அனுப்புகிறது. பேசரில் அந்தப் பாதியாக்கும் வேலையைச் செய்ய ஆள் இல்லை, வில்கள்தான் முழுவதையும் தாங்கியாக வேண்டும். அதோடு சக்கரத்தைத் தாண்டி இரண்டு முனையிலும் மூன்று மீட்டருக்கு மேல் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஊஞ்சல் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்த மாதிரி, முனையில் இருப்பவருக்கு ஆட்டம் இன்னும் அதிகம். முன்னும் பின்னும் குனிந்து நிமிர்ந்து போகும் இந்த நடையைப் பார்த்துத்தான் பிரிட்டிஷ்காரர்கள் ‘தலையாட்டும் கழுதை’ என்று பட்டம் கொடுத்தார்கள்.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். போகி வண்டி இணைப்புகளைத் தாண்டும்போது ‘தடக்-தடக்... தடக்-தடக்’ என்று ஜோடி ஜோடியாகக் கேட்கும். பேசர், ‘தடக்... தடக்... தடக்...’ என்று ஒற்றையாக எண்ணிக்கொண்டே போகும்.

வேறு நோய்களும் இருந்தன. ஆரம்பத்தில் பொருத்திய பஸ் வகைக் கியர்பாக்ஸ் அடிக்கடி படுத்துவிட்டது. மடக்குக் கதவுகள் மக்கர் செய்தன. சில வருடங்களில் கியர்பாக்ஸை எடுத்துவிட்டு ஃபோய்ட் நிறுவனத்தின் ஹைட்ராலிக் அமைப்பை வைத்தார்கள், லேலண்ட் இன்ஜின்களுக்குப் பதிலாகக் கம்மின்ஸ் இன்ஜின்கள் வந்தன. அதன் பிறகு ஓரளவு நம்பி ஓட்ட முடிந்தது. எடை குறைவான வண்டி என்பதால், இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் ஒட்டிய ஈர இலைகளில் சக்கரம் வழுக்குவது மட்டும் கடைசி வரை தீரவில்லை.

1999 ஜூன் 23 அன்று வின்ஸ்ஃபோர்டு அருகே, பயணிகள் இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஒரு 142 சிவப்பு சிக்னலைத் தாண்டி முக்கியப் பாதையில் வந்து நின்றது. பின்னால் லண்டனிலிருந்து கிளாஸ்கோ போகும் விரைவு ரயில் பிரேக் போட்டும் நிற்க முடியாமல் மோதியது. நல்லவேளையாக யாரும் சாகவில்லை. ஆனால் பேசரின் உடல் அடிச்சட்டத்திலிருந்து பெயர்ந்து தனியாக நகர்ந்திருந்தது. தனித்தனியாகச் செய்து ஒன்றின் மேல் ஒன்று வைத்த வண்டி என்பது அன்று எல்லோர் கண்ணுக்கும் வெட்டவெளிச்சமானது. ஆளிருந்த ரயிலாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காதவர்கள் இல்லை.

இருபது வருடம் எப்படி முப்பத்தைந்தானது

பேசர்கள் சுமார் இருபது வருடத்துக்கு என்று நினைத்துச் செய்யப்பட்டவை. 2005 வாக்கில் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை?

1990களில் பிரிட்டிஷ் ரயில்வே தனியார்மயமானபோது ரயில்களைக் குத்தகை நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ரயில் ஓட்டும் நிறுவனம் வாடகை கொடுத்து எடுத்து ஓட்டும். பேசரின் வாடகை குறைவு. 2004இல் வட இங்கிலாந்தின் சேவைக்கு ஒப்பந்தம் போட்டபோது, பயணிகள் எண்ணிக்கை அதிகரிக்காது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டார்கள். அதிகரிக்காது என்றால் புது ரயில் எதற்கு? ஆனால் கூட்டம் கூடியது. லீட்ஸிலும் மான்செஸ்டரிலும் காலை வேளையில் நின்றுகொண்டே, குலுங்கிக்கொண்டே வேலைக்குப் போனார்கள் மக்கள். லண்டன் பக்கம் பேசர் ஓடியதில்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்த ரயில், வடக்கைத் தெற்கு எப்படி நடத்துகிறது என்பதற்கு அடையாளமாகவே ஆகிவிட்டது.

2015இல் நடந்தது ஒன்று எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. பேசர்களை நீக்கிப் புது ரயில்கள் வாங்குவது செலவுக்கு ஏற்ற பலன் தராது என்று போக்குவரத்துத் துறையின் தலைமை அதிகாரி எழுத்தில் கொடுத்தார். அமைச்சர் பேட்ரிக் மெக்லாக்லின் அதை ஒதுக்கிவிட்டு, வாங்குங்கள் என்று எழுத்திலேயே உத்தரவு போட்டார். கணக்குப் புத்தகத்தின்படி பார்த்தால் அதிகாரி சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் முப்பது வருடம் ஓடியிருந்தது.

கடைசியில் முடிவு கட்டியது, மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம். 2019 முடிவுக்குள் எல்லாப் பயணிகள் ரயிலும் சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஏறி, இருந்து, கழிப்பறையைப் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று விதி. பேசரைத் திருத்தி இதற்கு ஏற்றதாக்கலாமா என்று 144 வகையில் ஒரு யூனிட்டைப் புதுப்பித்துக்கூடக் காட்டினார்கள், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்பெயினின் காஃப் நிறுவனம் செய்த கிளாஸ் 195 ரயில்கள் 2019இல் ஓடத் தொடங்கின. புது ரயில்கள் தாமதமானதால் பேசர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டியிருந்தது. வட இங்கிலாந்தில் 2020 நவம்பரோடும், வேல்ஸில் 2021 மே மாதத்தோடும் எல்லாம் முடிந்தது.

திட்டுவது சுலபம், நானும் இவ்வளவு நேரம் அதைத்தான் செய்தேன். ஆனால் 1980களில் மலிவான ரயில் ஒன்று கிடைத்திராவிட்டால், அந்தக் கிளைப் பாதைகளில் எத்தனை இன்று இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பழைய யூனிட்கள் ஓய, புதியதற்குப் பணமில்லை என்று கையை விரித்திருந்தால், பாதையை மூட அதுவே போதுமான சாக்கு. பேசர் வந்து அந்தச் சாக்கைக் கெடுத்தது. அது வந்ததில் எனக்குக் குறை இல்லை. போக வேண்டிய நேரத்தில் போக விடாததுதான் குறை.

பல யூனிட்கள் உடைக்கப்பட்டன. முதல் யூனிட்டான 142001 தேசிய ரயில்வே சேகரிப்புக்காக ஷில்டன் நகரின் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனது. கிளாஸ் 141இல் ஒரு பகுதி அதற்கு முன்பே ஈரானுக்கு விற்கப்பட்டிருந்தது. எதிர்பாராத வரவேற்பு பாரம்பரிய ரயில் பாதைகளில் கிடைத்தது. ரயில் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சின்னப் பாதைகள் இவை, வேகம் மணிக்கு 25 மைலுக்கு மேல் போகாது. நீராவி இன்ஜினைக் காலையிலேயே பற்றவைக்க ஆள் கிடைக்காத நாட்களில், சாவி போட்டுக் கிளப்புகிற மாதிரி ஒரு வண்டி அவர்களுக்குத் தேவை. பேசரை வாங்கவும் ஓட்டவும் செலவு குறைவு. மாதிரியாகச் செய்த அந்த ஒரே கிளாஸ் 140 ஸ்காட்லாந்தின் கீத் - டஃப்டவுன் பாதையில் இருக்கிறது. டிக்கெட் வாங்கி ஏறுகிறவர்களில் ஒரு பகுதி, காலையில் வேலைக்குப் போகும்போது இதே ரயிலைத் திட்டிக்கொண்டு நின்றவர்கள்தான்.